எங்க நாய் இல்லீங்க!

"…யாரு நாயும் இல்லன்னா, எதுக்குங்க இத்தனை பேரு வாசல்ல வந்து நிக்கிறீங்க?"

கேட்டவர் பெயர் செல்வமணி. எங்கள் நகராட்சியின் நாய் பிடிக்கும் வண்டியை ஓட்டி வருகிறவரும் அவர்தான், வலையை வீசுகிறவரும் அவர்தான். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். உதவிக்கு இரண்டு ஆட்கள்.

போன செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. எங்கள் சர்ச் தெருவில் மொத்தம் பதினோரு வீடுகள். பதினோரு வீட்டுக்காரர்களும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம். ஒருவர் கையில் டூத் பிரஷ், ஒருவர் கையில் தோசைக் கரண்டி.

கேள்வி நியாயமானதுதானே?

நடந்தது இதுதான். ஜெயமேரி அக்கா வீட்டு கேட் ஓரமாகப் படுத்திருந்த கறுப்பு நாய் வலையில் மாட்டிக்கொண்டது. பெட்டை நாய். செல்வமணி ஒவ்வொரு வீடாகப் பார்த்து, "உங்க நாயாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"இல்லீங்க."

"எங்களது இல்லம்மா."

"சும்மா வரும், போவும். நமக்கு ஒண்ணும் சம்பந்தம் கிடையாது."

இந்தத் தெருவின் யோக்கியதையை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த நாய்க்குக் காலை டிபன் ஜெயமேரி அக்கா வீட்டில். இட்லி என்றால் இரண்டு, பொங்கல் என்றால் ஒரு கரண்டி. மத்தியானம் பன்னீர் வீட்டில் மீன் தலையும் சோறும். சாயங்காலம் எங்கள் வீட்டில் பொறை பிஸ்கட். ஜெயமேரி அக்கா கூப்பிடுவது 'ரூபி'. பன்னீர் வீட்டில் 'கருப்பி'. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'ஏய்'. எந்தப் பெயரைச் சொன்னாலும் அது வாலை ஆட்டிக்கொண்டு வரும். சாப்பாடு போடத் தெரியும், பெயர் வைக்கத் தெரியும்… ஆனால் எங்க நாய் இல்லீங்க!

ஏன் அப்படிச் சொன்னோம்? பயம்தான். நம்முடையது என்று ஒப்புக்கொண்டால் லைசென்ஸ் கேட்பார்களாம். ஊசி போட்ட சீட்டு கேட்பார்களாம். நாளைக்கு யாரையாவது கடித்தால் நம் வாசலில் வந்து நிற்பார்களாம். யார் சொன்னது? யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரசாங்க வண்டி தெருவுக்குள் நுழைந்தால், முதலில் 'இல்லை' என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் என்ன கேட்டார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

செல்வமணி விடவில்லை. "சரிங்க, யாரு நாயாவும் இருக்கட்டும். குட்டி கிட்டி போட்டிருக்கா? நாய் குட்டி போடுற மாசி மாசம் பாருங்க, அதான் கேக்குறேன்."

பன்னீர் சொன்னார்: "எங்க நாயே இல்லைங்கிறேன். அது குட்டி போட்ட கதை எனக்கு எப்படிம்மா தெரியும்?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். வக்கீல்கூட இப்படி மடக்க முடியாது. ஜெயமேரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, வாசலில் இல்லாத குப்பையைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார்.

வண்டி கிளம்பியது. கம்பிக்குப் பின்னாலிருந்து நாய் எங்களைப் பார்த்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எவனோ போன் போட்டிருக்கான்யா," என்றார் பன்னீர். "தானா வராது வண்டி. எவன்னு மட்டும் தெரியட்டும்…"

"அதானே… யாரா இருக்கும்?" என்றேன் நான்.

இவ்வளவு நாளாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களிடம் நான் எதையும் மறைத்ததில்லை. என் கடையில் ரீவைண்டிங் செய்த மோட்டார் திரும்பத் திரும்பப் புகைந்த கதையைக்கூட எழுதியிருக்கிறேன். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன் பண்ணியது நான்தான்.

பண்ணியிருக்கவே மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் கடையிலிருந்து திரும்பும்போது, அந்த நாய் திடீரென்று பாய்ந்து வந்து என் பேண்ட் நுனியைக் கவ்விவிட்டது. அதுவரை வாலாட்டியே பார்த்த நாய்! பல்லைக் காட்டிக்கொண்டு பத்தடி தூரம் துரத்தியது. 'குரைக்கிற நாய் கடிக்காது' என்று சொல்லிவைத்த மகானை ஒருநாள் மொபெட்டில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். இது குரைக்கவும் செய்தது, கவ்வவும் செய்தது.

கோபத்தில் திங்கட்கிழமை நகராட்சிக்குப் போன் பண்ணினேன். "எந்த ஏரியா?" என்று ஒரு அம்மா கேட்டார். "சர்ச் தெரு" என்றேன். "கறுப்பு நாய், தொரத்துது" என்றேன். வைத்துவிட்டார். இத்தனை வேகமாக வண்டி வரும் என்று யார் கண்டது? குப்பை எடுக்கச் சொல்லி நாலு மாதமாகப் போன் பண்ணுகிறோம்… நாய்க்கு மட்டும் மறுநாளே வந்துவிட்டார்கள்.

வண்டி போன பிறகு எனக்கு இருப்பு கொள்ளவில்லை. குற்ற உணர்ச்சி பாதி, வேடிக்கை பார்க்கும் ஆசை மீதி. பிடித்துக்கொண்டு போகிற நாய்களை என்னதான் செய்கிறார்கள்? இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? பத்து மணி வாக்கில், மனைவியிடம் ஒரு பம்ப்செட் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினேன்.

ஊருக்கு வெளியே, வாய்க்கால் பாலம் தாண்டி, குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த இடம். நீளமான தகரக் கொட்டகை. இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள். நுழைந்ததும் காது கிழிகிற மாதிரி குரைப்புச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. பெரிய அண்டாவில் சோறும் கோழிக் கழிவும் வெந்துகொண்டிருந்தது. கிளறிக்கொண்டிருந்த பெரியவரிடம், "என்னங்க, இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று கேட்டேன்.

"இங்க நாயி கத்தாதுங்க," என்றார் அவர். "வர்ற ஆளுங்கதான் கத்துவாங்க. செத்த நேரம் நின்னு பாருங்க."

பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்தார். "புடிச்சுக்கிட்டுப் போனீங்களே, எதுக்குத் திரும்ப எங்க தெருவுலயே கொண்டாந்து விட்டீங்க? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?" என்று ஒரே சத்தம். அவர் முடிக்கும் முன்பே ஒரு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். "எங்க தெரு நாயி எங்க? மூணு நாளா காணும். கொன்னு போட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க!"

இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார் அங்கே இருந்த கால்நடை டாக்டரம்மா. கூத்தாநல்லூர்க்காரர். முப்பது வயதுகூட இருக்காது. விசாரித்ததில் இரண்டு பேரும் ஒரே தெரு என்று தெரிந்தது. பக்கத்துப் பக்கத்து வீடு வேறு. ஒரே நாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்! முந்தின நாள் சாயங்காலம்தான் அதைத் திரும்ப விட்டிருக்கிறார்கள்; அந்த அம்மா கண்ணில் இன்னும் படவில்லை.

அவர்கள் போனதும் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "பசியாறிட்டீங்களாண்ணே? சொல்லுங்க, உங்களுக்கு என்ன புகார்?"

"புகாரெல்லாம் இல்லீங்க. சும்மா… பாக்கலாம்னு."

"சும்மா பாக்க வந்த முத ஆளு நீங்கதான்," என்று சிரித்தார். 

எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிடித்து வந்த நாய்க்குக் கருத்தடை அறுவை செய்கிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. 'இதற்கு முடிந்துவிட்டது' என்பதற்கு அடையாளம். காயம் ஆறும்வரை வைத்திருந்து சோறு போடுகிறார்கள். அப்புறம் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அதே தெரு. முடிந்தால் அதே வாசல்.

"அது எதுக்குங்க? எங்கயாவது தூரமா விட்டுட்டா தொல்லை விட்டுச்சுல்ல?"

"நீங்க விவசாயக் குடும்பமாண்ணே?"

"அப்பா வரைக்கும். நான் மோட்டார் கடை."

"வயல்ல ஒரு எடத்துல களை பிடுங்கிட்டு, அங்க ஒண்ணும் நடாம விட்டா என்ன முளைக்கும்?"

"களைதான்."

"அதேதான். உங்க தெருவுல ஒரு நாய்க்கு எடம் இருக்கு, சோறு இருக்குன்னு வைங்க. இத எடுத்துட்டா வேற ஒண்ணு வரும். அதுக்கு ஊசியும் போட்டிருக்காது, உங்களையும் தெரியாது. தெரிஞ்ச நாயே இருந்துட்டுப் போவட்டும்ல?"

எனக்கு இதுவரை யாரும் இப்படி விளக்கியதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. நாய்களுக்குப் பெயர் கிடையாது; பிடித்த தெருவின் பெயர்தான் அதற்கும் பெயர். அங்கே வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டுமே!

"கீழவீதி இன்னும் மயக்கம் தெளியலையா?"

"பஸ் ஸ்டாண்டு நல்லா சாப்புடுது. மேட்டுத் தெருதான் மூஞ்சியத் திருப்பிக்குது."

"மேட்டுத் தெருன்னாலே அப்படித்தான். ஆளுங்களும் அப்படித்தான்."

நான் மேட்டுத் தெருக்காரர்களிடம் இதைச் சொல்லப் போவதில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணி இருக்கும். காலையிலிருந்து இன்னும் நான்கு தெரு சுற்றிவிட்டு, வண்டி நிறைய நாய்களோடு செல்வமணி வந்து சேர்ந்தார். எங்கள் நாயும் அப்போதுதான் இறங்கியது. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூண்டில் விட்டார்கள். கடைசிக் கூண்டுப் பக்கமிருந்து செல்வமணியின் குரல் வந்தது.

"டாக்டர்… இங்க கொஞ்சம் வாங்க. சர்ச் தெருவுக்குப் பால் இருக்கு."

டாக்டரம்மா ஓடினார். நானும் பின்னால் போனேன். நாயைத் தட்டிக்கொடுத்து, வயிற்றுப் பக்கம் மெதுவாக அழுத்திப் பார்த்தார். வெள்ளையாக ஒரு சொட்டு.

"குட்டி போட்டுப் பத்து நாள்கூட இருக்காது," என்றார். "இப்ப அறுவை பண்ணக்கூடாது. உடனே கொண்டுபோயி விடணும். எத்தனை மணிக்குப் புடிச்சீங்க?"

"எட்டு மணிக்கு."

"கண்ணே தொறந்திருக்காது குட்டிங்களுக்கு. தாய் பக்கத்துல இல்லாம, இந்த வெயில்ல, பால் இல்லாம… சாயங்காலம் வரைக்கும் தாங்குறது கஷ்டம் செல்வமணி."

செல்வமணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டேன் டாக்டர். தெருவே நின்னுச்சு. குட்டி போட்டிருக்கான்னு வாய் தொறந்து கேட்டேன். சிரிச்சாங்க."

என்னை அவருக்கு அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி முன்னால், மொபெட் பின்னால். திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. ஒரு தெருவில் பதினோரு பேர் பொய் சொன்னால் ஒரு குட்டி நாய்க்குப் பால் இல்லாமல் போகும் என்று யாராவது நினைப்பார்களா? சின்னப் பொய்தான். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். அதுதானே நாம் எல்லாரும் சொல்லிக்கொள்வது?

காலையில் பிடித்த அதே இடம், ஜெயமேரி அக்கா வீட்டு கேட். செல்வமணி கதவைத் திறந்துவிட்டார். நாய் குதித்து இறங்கியது. விஷயத்தைக் கேட்டதும் தெரு மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை குரல் வேறு மாதிரி.

"கருப்பி! வா வா… எங்க உன் குட்டி?"

"ரூபிம்மா… பயப்படாத."

செல்வமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "அட… இப்ப எல்லாருக்கும் பேரு தெரியுதே!"

ஜெயமேரி அக்காதான் முன்னால் வந்தார். அவர் பிரசவ வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளை முதலில் கையில் வாங்கியவர் அவர்தான்.

"எனக்குத் தெரியும்மா," என்றார். "போன வாரமே வயிறு வத்திப்போயிடுச்சு. எத்தன வயித்தப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ரெண்டு நாளா பால் சோறு வச்சேன். காலைல நீ கேட்டப்ப வாயத் தொறக்கல. சொன்னா, 'அப்ப நீதானே வளக்குற, நீயே பொறுப்பு'ன்னு எல்லாரும் என் தலையில கட்டிடுவாங்கன்னு…" நாயைப் பார்த்தார். "பைபிள்ல பேதுரு தன் ஆண்டவரையே மூணு தடவதான் 'தெரியாது'ன்னு சொன்னாரு. நம்ம தெருவுல பதினோரு தடவ."

"குட்டி எங்கன்னு தெரியுமாக்கா?" செல்வமணி கேட்டார்.

"அதுதான் தெரியல. சாப்புட்டுட்டு ஓடிடும். இந்த முட்டிவலியோட என்னால பின்னாடி ஓட முடியல."

அவ்வளவுதான். தெருவே தேட ஆரம்பித்தது. ஒருவர் சாக்கடைப் பாலத்துக்கு அடியில் டார்ச் அடித்தார். பன்னீர் தன் வீட்டு மாட்டுக் கொட்டகையைக் கவிழ்த்துப் போட்டார். நாய் என்ன செய்தது தெரியுமா? நடுத்தெருவில் படுத்துக்கொண்டது! குட்டியே இல்லாத நாய் மாதிரி கொட்டாவி விட்டது.

"எல்லாரும் உள்ள போங்க," என்றார் செல்வமணி. "நீங்க பாக்குற வரைக்கும் அது குட்டிகிட்ட போகாது. பத்து பேரு பாக்குறப்ப எந்தத் தாயி தன் குட்டி இருக்குற எடத்தக் காட்டும்?"

போனோம். கதவைச் சாத்தினோம். ஆனால் ஜன்னல் என்று ஒன்று இருக்கிறதே! பதினோரு ஜன்னலும் அரையடி திறந்திருந்தன. என் மனைவி என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தார், நான் அவரைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். நாய் எழுந்தது. இந்தப் பக்கம் நான்கு அடி. நின்றது. ஜன்னல்களைப் பார்த்தது. மறுபடி வந்து படுத்துக்கொண்டது.

வேடிக்கை பார்ப்பதை நிறுத்த முடியாத ஜென்மம் மனித ஜென்மம் ஒன்றுதான் போல. ஒரு உயிரைக் காப்பாற்ற நாம் செய்ய வேண்டியதெல்லாம், கொஞ்ச நேரம் பார்க்காமல் இருப்பதுதான். அதுகூட முடியவில்லை எங்களால்!

அரை மணி நேரம் போயிற்று. நாய்க்கு மூச்சு இரைத்தது. எச்சில் ஒழுகியது. போகவும் துடிக்கிறது, போகவும் மாட்டேன் என்கிறது. செல்வமணி நடுத்தெருவுக்கு வந்து, ஜன்னல்களைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"போன் போட்டது யாருங்க?"

ஒரு ஜன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது.

"சண்டைக்குக் கேக்கல. நாயி தொரத்துதுன்னு யாரோ போன் போட்டிருக்காங்க. எந்த எடத்துல தொரத்துச்சுன்னு எனக்குத் தெரியணும். தாயி நாய் ஊரெல்லாம் போயி கடிக்காது. குட்டி கெடக்குற எடத்துக்குப் பக்கத்துல போனாத்தான் கடிக்கும். கடிச்ச எடம் தெரிஞ்சா, குட்டி இருக்குற எடம் தெரிஞ்சிடும். ஆபீசுல நம்பர் எழுதி வச்சிருப்பாங்க, ஆனா அந்தம்மா சாப்பாட்டுக்குப் போயிருக்கு, போன எடுக்க மாட்டேங்குது. தயவுசெஞ்சு சொல்லுங்க!"

தெரு அமைதியாகிவிட்டது. அப்படி ஒரு அமைதியில்தான், அதுவரை காதில் விழுந்தும் விழாத ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. தெருக்கோடியில் ஒரு காலி மனை. அறுவடை முடிந்து, மிஷினில் உருட்டிக் கட்டிய வைக்கோல் கட்டுகளை அங்கே ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். மத்தியானத்திலிருந்து லாரி வந்து நிற்கிறது. லோடுமேன்கள் கட்டுகளைப் புரட்டி ஏற்றுகிறார்கள். "ஏலேய், புடி… தள்ளு… போடு!"

ஞாயிற்றுக்கிழமை நாய் என்மேல் பாய்ந்தது எங்கே?

அந்த மனை முக்கில்தான். வைக்கோலை ஒட்டி மொபெட்டை வளைத்தபோது.

மனைவி என்னைப் பார்த்தார். பேண்ட் கிழிந்த கதை அவருக்குத் தெரியும். ஆனால் போன் பண்ணியது அவருக்கும் தெரியாது. இந்தத் தெருவில் இருபது வருஷமாக இருக்கிறேன். எல்லார் வீட்டு மோட்டாரையும் நான்தான் பார்க்கிறேன். இன்றைக்கு வாயைத் திறந்தால், நாளையிலிருந்து நான் 'போன் போட்டவன்'. சொல்லாமல் இருந்துவிட்டால்? யாருக்கும் தெரியப் போவதில்லை. லாரி போய்விடும். அதோடு…

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"நான்தாங்க போன் பண்ணேன். வைக்கோல் மனை முக்குல. அங்கதான் தொரத்துச்சு… லாரி ஏத்துறாங்க!"

"அடப்பாவி!" ஜன்னலிலிருந்து பன்னீர் கத்தினார். "காலைல எங்கூட நின்னு 'யாரா இருக்கும்'னு கேட்டியேய்யா!"

பதில் சொல்ல நேரமில்லை. செல்வமணி ரப்பர் பூட்ஸோடு ஓடினார். நான் ஓடினேன். பதினோரு வீடும் ஓடியது. முட்டிவலி அக்கா உட்பட.

மேல் இரண்டு வரிசையை ஏற்றிவிட்டிருந்தார்கள். கீழ் வரிசைதான் மிச்சம். ஒரு ஆள் கட்டைப் புரட்டக் கை வைத்திருந்தார். செல்வமணி அவர் கையைப் பிடித்தே நிறுத்திவிட்டார்.

"உருட்டாத! குட்டி இருக்கு!"

அப்போது எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து ஒரு கறுப்பு உருவம் பாய்ந்தது. இனி யார் பார்த்தால் என்ன என்று முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது. இரண்டு கட்டுகளுக்கு இடையே, ஒரு கை மட்டுமே நுழையும் இடுக்கு. அதற்குள் எப்படித்தான் நுழைந்ததோ! ஒரு நிமிடம் சத்தமே இல்லை.

அப்புறம் கேட்டது. 'கீச்… கீச்…' என்று மெல்லிய முனகல். ஒன்று. இல்லை, இரண்டு. இல்லை, அதற்கும் மேலே.

ஜெயமேரி அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "உயிரோட இருக்கு… எல்லாம் உயிரோட இருக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிரசவ வார்டில் எத்தனை தடவை சொன்ன வார்த்தையோ அது.

லாரி டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு நாயிங்க இது?" என்று கேட்டார்.

"என் நாய்தான்," என்றார் ஜெயமேரி அக்கா, தரையில் உட்கார்ந்தபடியே. "எங்க வீட்டு மோட்டார் ரூமு காலியாத்தான் கெடக்கு. குட்டியோட அங்க கொண்டுபோயி வச்சுக்கிறேன்."

"அதெப்படிக்கா?" என்றார் பன்னீர். "மத்தியானச் சோறு நாங்கல்ல போடுறோம்? கொட்டகையில நல்லா எடம் இருக்கு."

"ஒரு குட்டி எங்களுக்கு வேணும்," என்றது இன்னொரு குரல்.

பாருங்கள், காலை எட்டு மணிக்கு வேண்டாத நாய், மத்தியானம் இரண்டு மணிக்குள் எத்தனை பேருக்குச் சொந்தம்! நாய் என்னவோ ஒரே நாய்தான். இடையில் என்ன மாறியது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அதற்குள் இரண்டு பேர் இடுக்கில் கையை விடப் போனார்கள். செல்வமணி தடுத்தார். "இப்ப யாரும் தொடாதீங்க. பயந்து கெடக்கு. முதல்ல குட்டிங்க பால் குடிக்கட்டும். ஒரு மணி நேரம் போனா அதுவே அடங்கிடும். அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம்."

"ஒரு மணி நேரமா!" டிரைவர் துள்ளிவிட்டார். "அக்கா, எனக்கு வலங்கைமான்ல இன்னொரு நடை இருக்கு. நாலு மணிக்கு அங்க நிக்கணும். நாயிக்காகவெல்லாம் லாரிய நிறுத்த முடியாது. தள்ளுங்க, தள்ளுங்க. டேய், கட்டத் தூக்குங்கடா!"

லாரி ஸ்டார்ட் ஆயிற்று. லோடுமேன்கள் எங்களைப் பார்த்தார்கள், டிரைவரைப் பார்த்தார்கள். தெரு முழுக்க நிற்கிறோம், ஆனால் யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பன்னீர் பேசிப் பார்த்தார். நான் கெஞ்சிப் பார்த்தேன். ஹாரன் சத்தம்தான் பதில்.

செல்வமணி திரும்பி நடந்தார். விட்டுவிட்டுப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போய்த் தன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். மனைக்குள் இறக்கி, லாரிக்கும் வைக்கோலுக்கும் நடுவே, ஒரு கட்டுகூட நகர முடியாதபடி குறுக்கே நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அதுங்க சாப்புட்டு முடிக்கட்டும் தம்பி," என்றார் டிரைவரிடம். "நானும் காலைலேருந்து சாப்புடல."

சீட்டுக்கு அடியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தார். வண்டிப் படியில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, அவசரமே இல்லாமல் புளிச்சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.